பானட்டில் ஒட்டிய கோலமாவு

செம்பூர் வீட்டில் அப்பாவின் பழைய காருக்கு நானே பெயிண்ட் அடிப்பதாகச் சொன்னேன். நான் டிப்ளமா முடித்திருந்த வருடம் அது.

"முதல்ல பானட்டை மட்டும் அடிச்சுக் காட்டு. சரியா வரலேன்னா காடியைப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றார் அப்பா. அவருக்குக் கார் எப்போதும் 'காடி'தான்.

துரு எடுப்பது, பிரைமர் அடிப்பது, கண்ணாடிகளுக்குக் காகிதம் ஒட்டுவது, தூசி துடைப்பது என்று பட்டியல் எழுதி கராஜ் சுவரில் ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் டிக் போட்ட பிறகுதான் வாடகை ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தேன். இரண்டாவது கோட் அடிக்கும்போது கரும்பச்சை பானட்டெங்கும் வெள்ளைப் பொடி ஒட்டியது. கராஜ் வாசலில் அம்மா போட்டிருந்த கோலம் காற்றில் கிளம்பி வந்திருந்தது.

"நல்ல காரியமாச்சேன்னு கொஞ்சம் பெரிசாப் போட்டேன்டி" என்றாள் அம்மா.

"காடி மேலயே போட்டுட்டியே" என்றார் அப்பா.

"நாளைக்குச் சாயங்காலம் பாருங்கோப்பா" என்றேன். பட்டியலில் 'வாசல்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

பெயிண்ட் காய்ந்ததும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். மறுநாள் மறுபடி அடித்தேன். அம்மா அன்று அரிசியை அரைத்துக் கரைத்து, பறக்காத இழைக்கோலம் போட்டிருந்தாள்.

சாயங்காலம் அப்பா பானட்டை இரண்டு முறை சுற்றிவந்தார்.

"காடியோட கதவுக்கெல்லாம் எவ்வளவு பெயிண்ட் வேணும்னு எழுதிக் குடு" என்றார்.