பேஸ்மென்ற் பிரிட்ஜில் இருந்த மக்கொல்லி

மில்லிக்கன் பகுதியில், ஒரு பிளாசாவின் பின்பக்கம், கொரிய நாட்டுக்காரர் ஒருவர் நடத்திய சிறிய மது ஆலையில் எனக்கு வேலை. மக்கொல்லி என்கிற அரிசிக் கள்ளு அங்கே ஊறும். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். உணவு வேதியியல் படித்துவிட்டு நான் அங்கே சேர்ந்ததும், சொந்தபந்தங்களுக்குச் சொல்ல என் கணவர் ஒரு பெயர் கண்டுபிடித்தார்: ரைஸ் கொம்பனி. பொய் என்று யாரும் சொல்லமுடியாது.

மக்கொல்லிக்கு உயிர் உண்டு. போத்தலுக்குள்ளும் நொதித்துக்கொண்டே இருக்கும், சில கிழமைகளில் புளித்துவிடும். சூடாக்கி அந்த உயிரைப் போக்கினால் மாதக்கணக்கில் கெடாது, ஆனால் மாவுத்தண்ணீரைத்தான் குடிக்கவேண்டும். கடைக்காரர்கள் கெடாததைத்தான் கேட்டார்கள். ஆலைக்காரரான என் பொஸ்ஸுக்குச் சூடாக்க மனமில்லை. நொதிப்பை முழுதாக முடியவிட்டு, சட்டென்று குளிராக்கி, அந்தக் குளிரிலேயே போத்தலில் அடைத்தால் தாக்குப்பிடிக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். ஆலையின் குளிர் அறையில் அது தாக்குப்பிடித்தது. வீட்டு பிரிட்ஜில் நிற்குமா என்று கேட்டார் பொஸ்.

ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் இரண்டாவது பிரிட்ஜ் இருக்கிறது. தோசை மாவுக்கும் பிள்ளைகளின் ஜூஸுக்குமாக நாள் முழுக்கத் திறந்து மூடுவது. சோதனைக்கு அதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? பனி கரையமுதல் ஒரு பெட்டி போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தேன். ஞாயிறுதோறும் ஒரு போத்தலைத் திறந்து, ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினேன். கோடை பிறந்தும் புளிப்பு ஏறவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். மிஞ்சிய போத்தல்களைக் கடைக்காரர் ஒருவருக்குப் பொஸ் ருசிபார்க்க ஊற்றிக் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தக் கடைக்காரர் தலையாட்டினால் மக்கொல்லி உயிரோடு கடைக்குப் போகும். இல்லையென்றால் சூடாக்கும் இயந்திரம் வரும்.

இடையில் மாமாவின், என் கணவரின் அப்பாவின், திவசம் வந்தது. எங்கள் வீட்டுச் சட்டப்படி கராஜ் வீட்டில் சேர்த்தி இல்லை. சுவரும் கூரையும் ஒன்றுதான், ஆனாலும் சேர்த்தி இல்லை. விரத நாட்களில் மீன் சட்டி அங்கே போகும். என் கணவரின் விஸ்கி எப்போதும் அங்கேதான். திவசத்துக்கு முதல் நாள் வேலையால் வந்து பிரிட்ஜைத் திறந்தேன். போத்தல்கள் இருந்த என் தட்டு துடைத்து வைத்தபடி வெறுமையாக இருந்தது.

“இஞ்சேருங்கோ, இதுக்கை இருந்த போத்திலெல்லாம் எங்கை?” என்று கணவரைக் கேட்டேன்.

“சிங்கில ஊத்திப்போட்டன். நாளைக்கு ஐயர் வாறார். வீட்டுக்குள்ள கள்ளை வைச்சுக்கொண்டு அப்பாவுக்கு என்னெண்டு படைக்கிறது?”

“அப்ப உங்கட விஸ்கி?”

“அது கராஜிலயெல்லோ கிடக்கு. உந்தக் கள்ளைக் கராஜ் வெக்கையில வைச்சா பழுதாப்போகுமெண்டு நீர்தானே சொன்னனீர். அதுதான் ஊத்தினன். கொம்பனியில வேற கிடக்குந்தானே.”

கிடந்தது. வீட்டு பிரிட்ஜில் அத்தனை கிழமை புளிக்காமல் நின்றதுதான் கிடக்கவில்லை. மாமா உயிரோடு இருந்த காலத்தில் கள்ளை வேண்டாம் என்று சொன்னவரில்லை. அதையும் சொல்ல வாய் வந்தது; அடுத்த நாள் வடை சுட நான்தான் நிற்கவேண்டும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

பொஸ் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். யாருக்காக ஊற்றினார்கள் என்று மட்டும் கேட்டார். செத்துப்போன மாமாவின் திவசத்துக்காக என்றேன்.

“எங்கள் வழக்கத்தில் செத்த தகப்பனுக்கு முதலில் மதுவைத்தான் ஊற்றிப் படைப்போம்” என்றார்.

இன்னொரு பெட்டியை வைத்துப் பார்க்க மாதங்கள் வேண்டும். கடைக்காரர் காத்திருக்கமாட்டேன் என்றார். இயந்திரம் வந்தது. எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் என்று கணக்குப்பார்த்துக் கொடுத்தது நான்தான்; எனக்குத்தானே அந்தப் படிப்பு. சூடாக்கிய முதல் போத்தலில் ஒரு வாய் குடித்த பொஸ் கோப்பையைக் கீழே வைத்தார், திரும்ப எடுக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில், இனிச் சூடாக்கித்தான் விற்கப்போகிறோம் என்பதையும் பொஸ் கோப்பையைக் கீழே வைத்ததையும் கணவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேனோ தெரியாது.

“பிறகென்ன, நல்லதுதானே” என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டு. “இனி உமக்குப் பழுதாப்போகுமெண்ட பயமில்லை.”

நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தோசப்பட்டார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்கமுடியவில்லை.