ஆயா கட்டிய பிராதை நான் அவிழ்க்க மாட்டேன்

கம்பெனியில் பீங்கான் பொம்மைகளை அச்சிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மாமாவின் போன் வந்தது. "ஒங்க ஆயா போயிடுச்சும்மா" என்றார். கையிலிருந்த ஈரப் பொம்மை பிடியிலேயே நசுங்கிவிட்டது. நான் அழ ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்: "அந்தப் பிராது ஒன் கையாலதான எழுதுன? காரியத்துக்கு முன்னாடி வாபஸ் வாங்கிடும்மா." தாயின் உடம்பில் இன்னும் சூடு ஆறவில்லை. மகனுக்கு முதல் கவலை அது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்து, கேட்க ஆள் இல்லை என்றால், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் நடந்ததைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவோம். அதுதான் பிராது. அந்த முருகன் விசாரிப்பார். தீர்ந்துவிட்டால் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். என் அம்மாவைப் பெற்ற ஆயா அஞ்சலை, தன் ஒரே மகனான இந்த மாமா மேல் பிராது கட்டினாள்.

கருமாதிப் பத்திரிகையில் போட ஆயாவைப் பற்றி ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லிச் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். ரெண்டு வரியில் பொய்தான் எழுத முடியும். அதனால் நீளமாக எழுதுகிறேன். அவர்கள் போடாவிட்டால் ஜெராக்ஸ் எடுத்து நானே கொடுப்பேன்.

பஸ் ஸ்டாப்பில் மாமா வைத்திருக்கும் பேனரில் 'பொறுமையின் சிகரம்' என்று போட்டிருக்கிறது. ஊராரே, அதன் கீழே நின்று டீ குடிக்கிறீர்களே, உங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லையா? ஆயாவுக்கு ஏது பொறுமை? ஒரு வருஷம் மழை இல்லாமல் கம்பு மொத்தமும் கருகிப்போனது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வரி கேட்டு வந்தீர்கள். "அவ ஒரு சொட்டு ஊத்துனாளா? நான் எதுக்கு ஊத்தணும்? மழைய வுடச் சொல்லு, அண்டா அண்டாவா ஊத்துறேன்" என்று விரட்டினாள். அடுத்த வருஷம் மழை பெய்தது. யாரும் கேட்காமலே ஒரு அண்டா கூழை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். குடித்தவர்கள்தானே நீங்கள்? ஆயாவின் பக்தி அப்படித்தான். சாமியிடம் கெஞ்ச மாட்டாள், கணக்காகப் பேசுவாள்.

என்னைப் பெற்ற கொஞ்ச நாளில் என் அம்மா செத்துப்போனாள். பொட்டப்பிள்ளையை யார் பார்ப்பது என்று அப்பா வீட்டில் முழித்தார்கள். "நான் இன்னும் சாவல, இப்படிக் குடு" என்று ஆயா பிடுங்கிக்கொண்டு வந்தாள். அந்தச் சமயத்தில்தான் மேட்டு நிலத்தில் முந்திரி வைத்திருந்தாள். இடுப்பில் நான், தலையில் தண்ணீர்க் குடம். முந்திரிக்கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் தோல் எப்போதும் உரிந்தே இருக்கும். அந்தக் கையால் எனக்கு முகம் கழுவிவிட்டால் என் முகமும் எரியும். மாமாவுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தத் தோப்புக் காசில், எனக்குக் கல்யாணம் ஆனதும் அந்தத் தோப்புக் காசில்.

பட்டா மட்டும் மாமா பேரில். அவர் நிலத்தை மனை போட்டு விற்க நினைத்தார். ஆயா இருக்கும்வரை மரத்தில் கை வைக்க முடியாது. போன மாசிமகத்தன்று திடீரென்று பாசம் வந்தது. "வாம்மா, ஆத்துல முழுவிட்டு பழமலைநாதரப் பாத்துட்டு வரலாம்" என்று ஆட்டோ வைத்து அழைத்துப் போனார். நானும் போனேன். ஆயாவுக்கு வளையல் வாங்கிப் போட்டார், பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பல்லில்லாத வாயில் அது கரைவதற்குள் ஆயா என் காதில் சொன்னாள்: "எம் மவனுக்கு இப்பத்தான்டி புத்தி வந்துருக்குது." சன்னதியில் மகன் பேருக்குத்தான் அர்ச்சனை செய்தாள்.

சாயங்காலம் திரும்பியபோது தோப்பு இல்லை. பூவும் பிஞ்சுமாக மரங்கள் வேர் தெரியக் கிடந்தன. ஜேசிபி போன தடம் ஈரமாக இருந்தது. ஆயா அழவில்லை. வளையலைக் கழற்றி மாமாவின் காலடியில் போட்டாள். "வெட்டுனதக்கூட வுடுறன்டா. சாமி கும்புடக் கூட்டிட்டுப் போறன்னு சொல்லி ஏமாத்துனியே!" அதற்குப் பிறகு அவர் வீட்டுச் சோற்றை அவள் தொடவே இல்லை. தனியாகப் பொங்கித் தின்றாள். ஊராரே, அன்று நீங்களெல்லாம் ஊரில்தானே இருந்தீர்கள்? ஒருத்தர் போன் செய்திருக்கக் கூடாதா?

மறுநாளே பிராது கட்ட என்னைக் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோயிலில் ஊர், அடையாளம் எல்லாம் கேட்டார்கள். "முந்திரித் தோப்பு அஞ்சலன்னா எல்லாருக்கும் தெரியும். இப்ப அடையாளம் சொல்ல மரந்தான் இல்ல" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "ஆயா, வாபஸ் வாங்கிடலாமா?" என்று கேட்டேன்.

"அவன் வந்து தப்புன்னு சொன்னானா?"

"இல்ல ஆயா."

"அப்புறம் என்னாத்துக்கு? நான் செத்தா கேஸும் செத்துடுமா?"

சாவு வீட்டில் அத்தை, மாமாவின் பெண்சாதி, என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். "செத்தவங்களுக்கு என்னாடி கோவம்? மாமா பயந்து கெடக்குறாரு. ஒனக்குத் தாய்வூடுன்னு ஒண்ணு வேணுமா, வேணாமா?"

"வேணும் அத்த. மாமாவ ஒரு வார்த்த தப்புன்னு சொல்லச் சொல்லுங்க. இப்பவே கோயிலுக்குப் போறேன்."

மாமா காதில் விழுந்தது. "என் நெலம், நான் வெட்டுனேன். இதுல என்னா தப்பு?" என்றார். "வாபஸ் வாங்காம இந்த வாசப்படிய மிதிக்காத."

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. நானும் சொல்லாமல் கிளம்பினேன். அதோடு என் தாய்வீடு முடிந்தது. கருமாதிக்கு வர மாட்டேன். மாமா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி இருக்கிறது.

ஆயாவின் தோடு அத்தையிடம் இருக்கிறது. இருக்கட்டும். பிராது கட்டிய பிறகு, பஸ் கொளஞ்சியப்பர் கோயில் வளைவைத் தாண்டும்போது ஆயா கும்பிட மாட்டாள். ஜன்னலில் தலையை நீட்டி, "என்னா சாமி, கேஸு என்னாச்சு?" என்று சத்தமாகக் கேட்பாள். பஸ்ஸே சிரிக்கும். அவளிடமிருந்து எனக்கு வந்தது அந்தக் கேள்விதான். அதே பஸ்ஸில்தான் நான் கம்பெனிக்குப் போகிறேன். நேற்றும் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.