அறுபது மரங்கள்

நான் மருந்தாளராக இருக்கும் டிஸ்பென்சரியில் அசிட்டிக் அமிலப் புட்டியைத் திறந்தேன். நான் வளர்ந்த ருவான்வெல்லைத் தோட்டத்தில் ரப்பர் பால் உறையவைக்கும் கொட்டகையின் புளித்த வாடை வந்தது.

எனக்குப் பத்து வயதானதும் தோட்டத்துப் பெரிய கங்காணி என் படிப்பை நிறுத்தி, பால் வெட்ட அறுபது மரங்கள் கொடுத்தார். மறுத்தால் லயத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா பறிபோகும். லயத்துப் பெண்கள் ஆறு பேர் ஆளுக்குப் பத்து மரமாக அவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

"ஒங்களுக்குப் பால்தானே வேணும், புள்ள எதுக்கு?" என்று என் வாளியைப் பாலோடு கங்காணிமுன் வைத்தாள் அந்த அறுவரில் ஒருத்தியான ராக்கு அத்தை.

"படிச்சுக் கிழிச்சிருவாளோ?" என்று சிரித்தார்.

நான் கல்லூரிக்குப் போகும்வரை அந்தப் பெண்கள் என் மரங்களையும் வெட்டினார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

புட்டியை மூடும்போது அதே கங்காணி பேத்தியோடு வந்து நின்றார்.

"இவளும் ஒங்க மாதிரி காலேஜுக்குப் போகணுங்க. வழி சொல்லுங்கம்மா."

"லயத்துக்குப் போயி ராக்கு அத்தையக் கேளுங்க," என்றேன். "உக்காரச் சொல்ல மாட்டாங்க. நின்னுகிட்டே கேளுங்க."