பூட்டிய வாசலுக்கு மூன்று ஹாரன்

அந்தக் காய்கறி லாரி, அதை ஓட்டியவரின் சொந்த லாரி என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. முழங்கால்வரை மண், ரப்பர் செருப்பு, பொத்தான் போன சட்டை. பார்த்தால் முதலாளி என்று யார் சொல்வார்கள்?

ஃபிஜித் தீவில் சிகடோகா என்ற ஊருக்கு வாத்தியாராகப் போயிருந்த என்னைத் தினமும் வீட்டு வாசலில் ஏற்றி, பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். வழியில் ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் நிறுத்தி மூன்று தடவை ஹாரன் அடிப்பார். விளைந்த காய்களைக் கூடைகளில் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடிவருவார்கள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டக்காரர்களில் பாதிப் பேர் சிட்னிக்கும் வான்கூவருக்கும் போய்விட்டார்கள். காய் வாங்கிய ஹோட்டல்கள் வெறிச்சோடின. அவர் லாரியைத் தலைநகர் சுவாவின் சந்தைக்குத் திருப்பினார். ஆனால் பூட்டிக் கிடந்த வீடுகளின் முன்னாலும் நிறுத்தி ஹாரன் அடித்தார்.

எனக்கு எரிச்சல். "யாருக்கு அண்ணே அடிக்கிறீங்க? பேய்க்கா?"

"வண்டி நிக்கும்னு தெரிஞ்சாத்தானே வாத்தியாரே, எவனாச்சும் நடுவான்?"

சில மாதம் கழித்து, அப்படிப் பூட்டிய ஒரு வாசலில் ஃபிஜிப் பூர்வகுடிப் பெண்கள் மூன்று பேர் கத்தரிக்காய்க் கூடைகளோடு நின்றார்கள். தரிசாய்க் கிடந்த தோட்டத்தை அவர்களே கொத்தி நட்டிருந்தார்கள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புலா!" என்று அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லிச் சிரித்தபடி இறங்கிக் கூடையைத் தூக்கினார்.

அடுத்த வருஷம் நானும் விமானம் ஏறிவிட்டேன். மறுநாள் காலை என் வாசலிலும் அவர் நிறுத்தியிருப்பார், மூன்று தடவை அடித்திருப்பார். என்றைக்கு, யார் வெளியே வந்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது.