கருமணலில் கலைந்த விரதம்

போன வருஷம் கந்தசஷ்டி சமயம். ஆக்லாந்தின் மேற்குக் கரையில் கருமணல் மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். நாங்கள் குடியிருக்கும் பிளாட் புஷ் பகுதி நண்பர்கள் அதைக் குட்டிப் பாலைவனம் என்பார்கள். கைடுடன் இரண்டு நாள் அங்கே நடந்து, இரவு கூடாரத்தில் தங்கும் பயணத்துக்கு நானும் மனைவியும் பதிவு செய்திருந்தோம். மழையால் தள்ளித் தள்ளிப் போய், சரியாக அவள் விரத நாட்களில் வந்து விழுந்தது.

குழந்தை வேண்டி அவள் இருந்த ஆறாவது வருஷ விரதம் அது. இதோடு வேண்டுதல் நிறைவு. பகலில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. "இன்னொரு தடவை போலாம்மா" என்றேன். கேட்டால்தானே! வீட்டிலேயே உட்கார்ந்து யோசித்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. "நடக்கும்போது தண்ணி மட்டும் குடிச்சுக்கறேங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

கைடு ஐம்பது வயதுப் பெண்மணி, கறார் பேர்வழி. நிற்கும் இடத்தில் எல்லாம் தண்ணீர் குடிக்கிறோமா என்று பார்ப்பார். இவளும் பாட்டிலை வாயில் வைத்தாள். கைடும் நானும் நம்பினோம்.

இரண்டாம் நாள் மதியம், கொதிக்கும் மணல் மேட்டில் சுருண்டு விழுந்தாள். பாட்டிலை எடுத்தேன், கனத்தது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. போனை எடுத்தேன். சிக்னல் கிடையாது. கைடு அவசர உதவிக் கருவியை அழுத்திவிட்டு, தார்ப்பாயை நிழலுக்குப் பிடித்தார். ஹெலிகாப்டர் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அவளோ பல்லைக் கடித்துக்கொண்டாள். "வேண்டாங்க... நாளைக்கு சூரசம்ஹாரம். இன்னும் ஒரு நாள்தாங்க."

கும்பிட்டேன், திட்டினேன், அழுதேன். கடைசியில் தாடையைப் பிடித்து நானே ஊற்றினேன். விழுங்கினாள். கண்ணோரம் நீர் வழிந்தது, அந்த உடம்பில் அதற்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ.

இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார்கள் மருத்துவமனையில். கைடு வார்டுக்கே வந்து, "நீங்கதான் அவங்களைக் காப்பாத்தினீங்க" என்று என் தோளைத் தட்டினார். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் சஷ்டிக்கு அவள் விரதம் இருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "யாருக்காக?" என்று மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்று நான் ஊற்றிய அந்த ஒரு மடக்குத் தண்ணீர் அவள் உயிரைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்; பிறக்க வேண்டிய எங்கள் குழந்தையை அதுதான் தடுத்துவிட்டது என்று அவள் நம்புகிறாள், இரண்டு நம்பிக்கையையும் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறோம்.