வயிற்றில் வைத்த ஸ்டெதஸ்கோப்

செய்தி வந்தபோது நான் விருதுநகர் சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில், கையில் ஒரு மனுவோடு வரிசையில் நின்றிருந்தேன். சிவகாசி ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த ஆயா செல்லம்மா போனில் அழுதாள். "ஏத்தா, நம்ம பெரிய டாக்டரு தவறிட்டாகளாம். தூக்கத்துலயே போயிட்டாக." டாக்டர் வேலுச்சாமிக்கு எழுபது வயதிருக்கும். அருகில் இருந்த யாரும் அவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கவில்லையாம். கொடுத்து வைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அவர் மருமகன் கேட்டார். "இத்தன வருசம் கூட இருந்திருக்கீக சிஸ்டர், நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க." செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்ற நாகரிகம் எனக்கும் தெரியும். அவர் உயிரோடு இருந்தபோது வாயைத் திறக்காத எங்களைப் போன்ற கோழைகளுக்கு அந்த நாகரிகம் ரொம்ப வசதி. மலரில் இதைப் போடாவிட்டால் போகட்டும். சிவகாசியில் பிரஸ்ஸுக்கா பஞ்சம்?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால் சோற்றுத் தட்டை அப்படியே விட்டு எழுந்து வருவார். தீக்காயத்துக்குக் கட்டுப் போடுவதில் அவர் கை சுத்தமான கை. ஊர் அவரைத் தலையில் வைத்து ஆடியது. ஆடுகிறவர்கள் பார்க்கிறார்களே என்று அவரும் கூடச் சேர்ந்து ஆட ஆரம்பித்தார்.

அவசரப் பிரிவின் சுவரை இடித்து, ஆள் உயரத்துக்குக் கண்ணாடி பதித்தது அவர் யோசனைதான். "ஜனங்க பாக்கணும் சிஸ்டர். பாத்தாத்தான் நம்புவாக" என்றார். ஒரு நோயாளிக்கு இருபது பேர் வேன் பிடித்து வருகிற ஊர் இது. இருபது மூக்கும் அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நாங்கள் விடாமல் அமுக்கிக்கொண்டிருப்போம். அது வேர்த்து வழிகிற வேலை, பார்க்க அழகில்லாத வேலை. டாக்டர் உள்ளே வந்ததும், "எல்லாரும் கைய எடுங்க" என்பார். விளக்கு வைத்த லாரிங்கோஸ்கோப்பால் நாக்கைத் தூக்கி, மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செருகப் பார்ப்பார். ஆயுத பூஜைக்கு அந்தக் கருவிக்குத் தனியாகச் சந்தனப் பொட்டு உண்டு. மூச்சுக்குழாயின் வாயை அவர் தேடி முடிக்கும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம், நோயாளியின் மூளைக்கு ரத்தம் போகாது.

மதுரையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்து அவரிடம் சொன்னேன். அமுக்குவதை நிறுத்தக் கூடாது, முகமூடியும் பையும் வைத்தே மூச்சுக் கொடுக்கலாம், குழாய்க்கு அவசரமில்லை என்று. "மதுரைக்காரன் நெஞ்சு வேற, நம்ம ஊரு நெஞ்சு வேற" என்று சிரித்தார். நாங்களும் கூடச் சிரித்தோம்.

அந்த வருடத் தீபாவளி சீசனில் காசிம் பாய் வந்தார். பிரஸ்களுக்குக் காகிதம் விற்கிறவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மனைவி ஜைத்தூன் அக்காவோடு நடந்தேதான் வந்தார். கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். நாடி இல்லை. நான் நெஞ்சை அமுக்கினேன், இன்னொரு நர்ஸ் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தாள். இரண்டு தடவை ஷாக் கொடுத்தோம். உதட்டில் கொஞ்சம் நிறம் இருந்தது. அதற்குள் பஜார் ஆட்கள் கண்ணாடிக்கு வெளியே கூடிவிட்டார்கள். அப்போது டாக்டர் வந்தார்.

கையை எடுத்தோம். மூன்றாவது முயற்சியில் குழாய் போனது. அந்த நர்ஸ் பையை அழுத்தினாள், வயிறு உப்பியது. நான் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தேன். பானைக்குள் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் காதில் கேட்டது. காற்று நுரையீரலுக்குப் போகவில்லை, இரைப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"டாக்டர், குழா வயித்துல இருக்கு. எடுத்துருவோம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தார். உதடு அசையாமல் சொன்னார்: "எல்லாரும் பாத்துட்டு இருக்காக. இப்ப உருவுனா என்ன நெனப்பாக?"

என் கைக்கும் அந்தக் குழாய்க்கும் ஒரு முழம்கூட இல்லை. உருவிப் போட்டிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான். நான் மறுபடி நெஞ்சை அமுக்க ஆரம்பித்தேன், வாயை மூடிக்கொண்டு. காசிம் பாயின் உதடு நீலமானது, பிறகு சாம்பல் நிறமானது. குழாய் கடைசிவரை வயிற்றிலேயே இருந்தது. அவர் பிணத்திலிருந்து அதை எடுத்தவள் நான்தான்.

டாக்டர் வெளியே போய்க் கைகூப்பினார். "எல்லாம் செஞ்சு பாத்துட்டோம்மா." நூறு பேர் அதை நம்பினார்கள். தங்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள் அல்லவா? அவரை நான் வெறுத்தது அன்றைக்குத்தான். என்னைப் பிடிக்காமல் போனதும் அன்றைக்குத்தான். ஆனாலும் அதற்கு மேல் மூன்று வருடம் அவருக்கு வணக்கம் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

இப்போது விருதுநகரில் வேலை பார்க்கிறேன். யார் குழாய் போட்டாலும் என் ஸ்டெதஸ்கோப் முதலில் வயிற்றுக்குத்தான் போகும். அந்தக் கொப்பளிப்புக் கேட்டால் யாரையும் கேட்காமல் உருவிவிடுகிறேன். திட்டு வாங்கியிருக்கிறேன். வேலுச்சாமி டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். அவர் சொல்லிக் கொடுத்ததல்ல.

துட்டி கேட்க டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜைத்தூன் அக்காவும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எம் புள்ளைக அத்தாவுக்காக அன்னைக்கு டாக்டரு எம்புட்டுப் போராடுனாக! நீங்களும்தாம்மா. ஒங்க ரெண்டு பேரையும் நான் தொழுகையில மறக்குறதே இல்ல." அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

அக்கா, மலருக்கு என்று சொல்லி எழுதினாலும் இது உங்களுக்குத்தான். குழாய் சரியாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா, தெரியாது. ஆனால் அது தப்பான இடத்தில் இருந்தது, எனக்குத் தெரியும். உங்கள் தொழுகையில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் எடுத்துவிடுங்கள்.