ஜப்பான்காரனுக்குத் தெரியாத தையல் மெஷின்

"ஜப்பான்காரன் காலத்துத் தையல் மெஷின். ஒரே குடும்பத்தில் இருந்தது. இன்னும் நன்றாகத் தைக்கும். மேசை செய்கிறவர்கள் கூப்பிட வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை காலை 7.42-க்கு பேஸ்புக்கில் வந்த விளம்பரம் இது. 7.44-க்கு நான் கூப்பிட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் ஏன் தாமதம் என்கிறீர்களா? மூக்குக் கண்ணாடியைத் தேடினேன்.

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கவிழ்த்தது. பழைய மெஷின் என்று யாராவது வாய் திறந்தாலே இப்போது காப்பிக் கடைக்காரர்கள் லோரியோடு வந்துவிடுகிறார்கள். தைக்கிற தலையைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, இரும்புக் கால்களின் மேல் பலகையைப் பொருத்தி, அதன்மேல் காப்பியை வைத்துப் படம் எடுக்கிறார்கள். எனக்கோ தலைதான் வேண்டும்.

காரணம் என் குவில்ட். குடும்பத்தின் பழைய தீபாவளிச் சட்டைகளை வெட்டி, ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்துத் தைக்கிற கனத்த போர்வை. ஒவ்வொரு துண்டின் பின்னாலும் யாருடைய சட்டை, எந்த வருடத்துத் தீபாவளி என்று எழுதியிருக்கிறேன். அண்ணன் மகளுக்குக் கல்யாணப் பரிசு. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். என் பிளாஸ்டிக் மெஷினோ மூன்று அடுக்கைப் பார்த்ததும் ஊசியை ஒடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. இதுவரை ஆறு ஊசி. "இதுக்கெல்லாம் பழைய இரும்புதான் சரி" என்று பிரிக்பீல்ட்ஸ் தையல்காரர் கையை விரித்துவிட்டார்.

சனிக்கிழமை பண்டமாரானுக்குப் புறப்பட்டோம். கார் ஓட்டியது என் கணவர். கிள்ளான் தாண்டும்போது ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு எந்தச் சாமானுக்கும் வயசு சொல்லாத. வாங்குனமா, வந்தமான்னு இரு."

"நான் எப்ப சொன்னேன்?"

"போன மாசம். எங்க மாமா வீட்டு நூறு வருஷத்து வெத்தலைப் பெட்டி."

பெட்டியின் அடியில் பார்கோட் ஸ்டிக்கர் இருந்தது. அதை நானா ஒட்டினேன்?

விளம்பரம் போட்டவர் சரோஜா அக்கா. எழுபதைத் தாண்டியவர், ஆனால் குரலுக்கு முப்பதுதான். கேட்டைத் திறக்காமலே கேட்டார்:

"மேசை பண்ணவா?"

"இல்லக்கா. போர்வை தைக்க."

"போர்வையா? அதான் ராத்திரி பாசார் மாலாம்ல கடை போட்டு அடுக்கி வச்சு விக்கிறானே!" என்றவர், என் பையிலிருந்த பாதிப் போர்வையைப் பார்த்ததும் கேட்டைத் திறந்தார்.

மெஷின் கூடத்தில் இருந்தது. கறுப்பு உடல், தேய்ந்த தங்கப் பூ. பக்கத்தில் அதன் வரலாறும் தயாராக இருந்தது. உலகப் போரில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து, வீடு வீடாகப் புகுந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு போன காலத்தில், அக்காவின் மாமியார் இந்த மெஷினைச் சாக்கில் சுற்றி, கோழிக் கூண்டுக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்தாராம். மேலே பத்துக் கோழி. சிப்பாய் வந்து கோழிகளைப் பிடித்துக்கொண்டு போனானே தவிர, குழியைப் பார்க்கவில்லையாம்.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இதைக் கேக்கறேன்" என்றார் அக்கா. "சோறு குழைஞ்சா, 'ஜப்பான்காரன்கிட்டேருந்து மெஷினையே காப்பாத்தினவ நான், உனக்கு ஒரு பானை சோத்தைக் காப்பாத்தத் தெரியல'ம்பாங்க. கறி தீஞ்சாலும் அதே மெஷின்தான். அவங்க போயிட்டாங்க, இப்ப என் நாத்தனா கமலா செந்தூல்லேர்ந்து போன் போட்டுச் சொல்றா!"

உட்கார்ந்து மிதித்தேன். சக்கரம் பின்பக்கமாகச் சுழன்று நூலை அறுத்தது. மேசைக்காரியோ என்று அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சக்கரத்தைக் கையால் என் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி மிதித்தேன். டக் டக் டக்... மூன்று அடுக்கும் வெண்ணெய்போல உள்ளே போயின. அந்த நிமிடமே மனத்தளவில் மெஷின் என் வீட்டுக்கு வந்துவிட்டது.

அத்தோடு எழுந்திருக்க வேண்டியதுதானே? எண்ணெய் போடும் இடத்தைப் பார்க்கலாமே என்று தலையைப் பின்னால் சாய்த்தேன்.

அடியில், இரும்பில், அழுத்தமான ஆங்கில எழுத்து: மேட் இன் ஜப்பான்.

அதன் பக்கத்தில் இருந்த முத்திரையை நான் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். போர் முடிந்தபின் கப்பல் கப்பலாக ஏற்றுமதியான வகை. என் முகத்தைப் பார்த்ததும் கணவர் இருமினார். பிறகு அவசரமாக, "ரொம்ப நல்ல மெஷின்க்கா, நாங்க தூக்கிக்கிறோம்" என்றார்.

"என்னம்மா பார்த்தீங்க?" என்றார் அக்கா.

துரு என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். மூன்று வாரம், ஆறு ஊசி, அண்ணன் மகள்... எல்லாம் கண்முன்னே வந்தன. ஆனால் வாய் இருக்கிறதே...

"அக்கா, இது ஜப்பான்ல செஞ்சது. சண்டை முடிஞ்ச பிறகுதான் வந்திருக்கணும்."

அக்கா குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவினார்.

"அப்ப எங்க மாமியார் ஜப்பான்காரன் சாமானையே ஜப்பான்காரன்கிட்டேருந்து ஒளிச்சாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கணவர் நிம்மதியாக மூச்சு விட்டார். நானும்தான். அவசரப்பட்டுவிட்டோம்.

"இதை நான் விக்க மாட்டேன்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அக்கா!"

"மாட்டேன் லா! நாப்பத்தாறு வருஷம் கேட்டிருக்கேன். இதைக் கூடத்துல கவுத்து வச்சு, வர்றவங்களுக்கெல்லாம் காட்டப் போறேன்."

பொய்யால் ஒரு பொருளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி இழப்பது இப்படித்தான் இருக்கும் போல. கணவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கடைசி முயற்சியாக, "காட்டறதுக்கு மெஷின் எதுக்குக்கா? படம் போதுமே" என்றேன். அடிப்பாகத்தைப் படம் பிடித்து அவர் போனுக்கு அனுப்பினேன். எழுத்து தெளிவாகத் தெரிய டார்ச் அடித்தது கணவர். அக்கா ஒரு கணம் யோசித்தார். பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டார். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வெறும் படம். அதைவிடக் கொடூரம் உண்டா?

நான்கே நிமிடத்தில் கமலாவின் குரல் பதிவு கூடத்தில் முழங்கியது.

"அண்ணி! அம்மா ஒளிச்சது அந்த மெஷின் இல்ல. அது வேற. அது எங்க வீட்டு ஸ்டோர்ல பத்திரமா இருக்கு. உங்ககிட்ட இருக்கறது அப்புறம் வாங்கினது. தெரியாம பேசாதீங்க!"

அக்காவின் முகம் மாறியது. உடனே பதில் பேசி அனுப்பினார்: "அப்படியா கமலா? இத்தனை வருஷம் ஏன் சொல்லல? சரி, அதைக் கவுத்து ஒரு படம் அனுப்பு."

கேட்டாயிற்று என்பதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி மட்டும் வந்தது.

அக்கா எழுந்தார். "இதை நீங்க எடுத்துக்கங்கம்மா. எனக்கு இப்ப கமலாகிட்ட இருக்கறதைப் பார்க்கணும். அதுக்கு வயசு சொல்ல நீங்க வேணும், உங்க நம்பர் என்கிட்ட இருக்கட்டும்."

தலையை முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டோம். கால்கள் டிக்கியில். நான் பின்சீட்டில், மடியில் இழுப்பறைகளோடு. பிரிக்பீல்ட்ஸ் வந்ததும் கணவர் என்னை விட்டுவிட்டு மெஷினிடம்தான் பேசினார்: "உனக்கு என்ன வயசுன்னு நான் கேக்கவே மாட்டேன்."

போர்வை இப்போது முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஓர் ஊசிகூட ஒடியவில்லை.

நேற்று மாலை 5.20-க்கு சரோஜா அக்காவிடமிருந்து செய்தி. செந்தூல் மெஷினுக்கு முன்னால் ஓர் அலமாரி இருக்கிறதாம், அதை நகர்த்த ஆளில்லை என்கிறாராம் கமலா. ஆகவே வாசகர்களே, கோழிக் கூண்டுக்கு அடியில் அன்று என்ன இருந்தது என்பது இந்த நிமிடம்வரை உறுதி செய்யப்படவில்லை. கோழிகள் போனது மட்டும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை.